மைக் என் கையில் இருந்தது

என் அண்ணனுக்கு நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதுகிறேன். எங்களுக்கு ஊர் இனயம். சவுண்ட் செட் எனக்குத் தொழில். திருவிழா, கல்யாணம், அடக்கம், 2016இல் துறைமுகம் வேண்டாம் என்று ஊர் கூடிய கூட்டங்கள் என எல்லாவற்றுக்கும் என் ஆம்ப்ளிஃபயரும் குழாயும் போயிருக்கின்றன. நான் சொல்லப்போவது அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. அப்போது தொழிலில் புதிது, திமிர் அதிகம்.

அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். எஞ்சின் சத்தத்துக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்றான். வீட்டிலும் அதே கதை. கல்லில் மோதும் அலை, அடுத்த வீட்டு மிக்சி, கோவில் மணி, அம்மா கூப்பிடுவது எதையும் அவனால் தள்ளிவைக்க முடியவில்லை. "கொறச்சு வையிலே மக்கா, எல்லாம் ஒண்ணாட்டு கேக்கு" என்பான். நான் குறைத்ததில்லை. ஆனி ஆடிக் கடலுக்குப் பயந்து நடிக்கிறான் என்பது என் முடிவு.

அதைக் கூட்டாளிகளுக்கு நிரூபித்துக் காட்டக் கிளம்பினேன். அவன் படுக்கும் அறை ஜன்னலுக்கு வெளியே சின்ன பாக்ஸ் ஒன்றை வைத்தேன். ஒலியை அடிமட்டத்துக்கு இறக்கி, மைக்கில் அவன் பெயரைச் சொன்னேன். நடிக்கிறவன் என்றால் எழுந்து வந்து திட்டுவான் என்பது கணக்கு. அவன் எழுந்து உட்கார்ந்து, மரியாதையாகப் பதில் சொன்னான். கூட்டாளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கணக்கு தப்பியது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் மறுநாளும் செய்தேன், அதற்குப் பிறகும் செய்தேன்.

அம்மா அவனை டாக்டரிடம் கூட்டிப்போனபோது துணைக்கு நானும் போனேன். என்ன கேட்கிறது என்று டாக்டர் விசாரித்தார். ஜன்னல் பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். டாக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையின் அளவு கூடியது. கை நடுங்கி, கஞ்சிக் கிண்ணத்தை அவனால் ஏந்த முடியாமல் போனது. கூட்டிய அளவில் நோய்க்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று இனி எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அண்ணனுக்கு வந்த மனச்சிதைவு நோய் மூளையின் கேட்கும் வேலையையே குலைக்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் அறிந்தேன். 1982இல் அமெரிக்காவின் டென்வரில் ராபர்ட் ஃப்ரீட்மன் குழுவினர் அரை நொடி இடைவெளியில் இரண்டு 'டிக்' ஒலிகளைக் கேட்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். நலமானவர்களின் மூளை இரண்டாவது ஒலிக்குக் கொஞ்சமாகவே அசைந்தது. ஒருமுறை கேட்டதுதானே என்று விட்டுவிட்டது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அந்தக் குறைவு சரியாக நிகழவில்லை. எங்கள் செட்டில் வேண்டாத இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பழுதானால் மேடையின் இருமல்கூட மைதானம் முழுக்க ஒலிக்கும். அண்ணன் சொன்ன 'ஒண்ணாட்டு' அதுதான். இன்னொன்று ஜூடித் ஃபோர்டின் ஆய்வு. நாம் பேசும்போது மூளை, 'வருவது நம் குரல்தான்' என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பி, அந்த ஒலிக்கான துடிப்பைத் தணிக்கிறது. இந்த நோயில் அந்தத் தணிப்பு குறைந்துவிடுகிறது. சொந்த நினைப்பு வேற்றாள் குரலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. அவன் பயந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்கப் படிப்பு எதற்கு?

என்னை அதிகம் குத்தியது சென்னை ஆய்வு. மானுடவியலாளர் தான்யா லூர்மன், மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து, கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் இந்த நோயுள்ள தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார். கலிஃபோர்னியாக்காரர்களுக்குப் பெரும்பாலும் வன்முறை பேசும் அந்நியக் குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொந்தக்காரர்களின் குரல்; குளி, சமை, வேலையைப் பார் என்று ஏவும் குரல். அண்ணனுக்கும் சொந்தக்காரன் குரல் கேட்டது. அதை வெளியே உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

இப்போது அவன் தேவலை. மாத்திரை மாறி நடுக்கம் நின்றது. வலை பொத்துகிறான். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், மிகத் தாமதமாக. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாயெடுத்தால் ஒரு சாக்கு முன்னால் வந்து நிற்கிறது: சுருதியின் சிறு வேறுபாடுகளைப் பிரித்தறிவது இந்த நோயில் மங்குகிறது, அதனால் குரலில் இருக்கும் வருத்தமும் கேலியும் பிடிபடுவது கடினம் என்று டேனியல் ஜாவிட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். நான் கேட்கும் மன்னிப்பு அவனுக்கு இன்னொரு நக்கலாகக் கேட்டுவிட்டால்? அதனால் எழுதுகிறேன், அச்சில் வருவதை அவன் எழுத்துக்கூட்டாமல் படிப்பான். இதுவும் நேரில் நிற்கப் பயந்தவன் செய்யும் வேலைதான் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.