வெறுங்காலும் ஒரு புழுவும்

'நாயே' என்ற சொல்லைக் கேட்காமல் சேரியில் வளர்ந்தவர் யாருமில்லை. மாணிக்கவாசகர் தன்னை 'நாயேன்' என்று சொல்லிக்கொண்டால் அது பக்தி. எம்.ஏ. வகுப்பில் அதை மதிப்பெண்ணுக்காக எழுதியிருக்கிறேன். அமைச்சராக இருந்தவர் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டால் அவருக்குக் கோயிலில் சிலை வைக்கிறார்கள். அதே சொல்லை என் அப்பா ஒரு மேஸ்திரியின் வாயிலிருந்து கூலியோடு சேர்த்து வாங்கி வந்தார். ஆனால் நான் எழுத வந்தது வசவைப் பற்றி அல்ல. நாயையும் நம்மையும் மெய்யாகவே ஒரே மண்ணில் கட்டிப்போட்டிருக்கிற ஒரு புழுவைப் பற்றி.

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய காலனிகளில் ஒன்றில் நாங்கள் சிலர் மாலைப் பள்ளி நடத்துகிறோம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகும் மண் பல நாள் ஈரமாகவே கிடக்கும். அந்த மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், நாய்கள் குட்டி போடுகின்றன.

"அஞ்சு குட்டி போட்டா ரெண்டு தங்குனா பெருசு சார். ஈறெல்லாம் வெள்ளையா பூடும், கரியாட்டம் கழிச்சல் போவும், அவ்ளோதான்" என்றான் ஏழாவது படிக்கிற ஒரு பையன். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பார்க்காம சொல்லக்கூடாது, ஆனா கேட்டா கொக்கிப்புழு மாதிரிதான் இருக்கு தோழர். கருப்பாப் போறது செரிச்ச ரத்தம்" என்றார். நாயின் கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு இறங்கிவிடுமாம். கண் திறப்பதற்கு முன்பே அதன் ரத்தத்தில் பங்கு கேட்டு ஒருவன் வந்துவிடுகிறான். நமக்குப் புதிய கதையா இது?

புழுவின் பாதை எளிமையானது. மலத்தோடு முட்டை மண்ணில் விழும். ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளில் தோலைத் துளைக்கிற பக்குவம் வந்துவிடும். பிறகு ஒரு வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். உள்ளே போனால் ரத்தத்தோடு நுரையீரல், அங்கிருந்து தொண்டை, தொண்டையிலிருந்து குடல். குடலில் பல்லை ஊன்றிக்கொண்டு குடிக்கும்.

நாய்க்கென்றே உள்ள சில புழுக்கள் மனிதத் தோலுக்குள் நுழைந்து, மேற்கொண்டு வழி தெரியாமல் தோலுக்கடியிலேயே ஊரும். எங்கள் பையன் ஒருவனுக்குப் பாதத்தில் சிவப்புக் கோடு கோடாக ஓடியது. ராத்திரியெல்லாம் அரிப்பு. அழைத்துப்போன இடத்தில் டாக்டர் காலைத் தொடாமலேயே, "நாயோட ஏன் புரளுறீங்க, சுத்தமா இருக்கத் தெரியாதா?" என்றார். அந்தப் பையனின் அம்மா பக்கத்து நகரில் தெரு கூட்டுகிறவர். ஊரைச் சுத்தமாக வைத்திருக்கிறவரைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி.

வழி தெரியாமல் நின்றுவிடாத நாய்ப் புழுவும் ஒன்றுண்டு. அதன் பெயர் ஆன்சிலோஸ்டோமா சிலானிகம். இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து கிடைத்ததால், 1911-ல் ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி அந்தத் தீவின் பெயரையே அதற்கு வைத்தார். நாய், பூனை, மனிதர் மூவரின் குடலிலும் அது முழுதாக வளரும். கல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் மனிதர்களிடம் அது இருப்பது 1972-லேயே எழுதப்பட்டுவிட்டது. பின்னாளில் கம்போடியாவின் கிராமத்தில் நாய்களிடமும் மனிதர்களிடமும், சாலமன் தீவுகளில் மனிதர்களிடமும் அதைக் கண்டார்கள். நம் தெருவில் என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தால்தானே தெரியும்.

இந்த லூஸ்தான் புழு தோல் வழியாக நுழைகிறது என்று 1898-ல் கெய்ரோவிலிருந்து எழுதியவர். இளம்புழு இருந்த நீர் அவர் கைமேல் சிந்தி, தோல் எரிந்து சிவந்தது. பின்னாளில் அவர் மலத்திலேயே முட்டை தெரிந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ஒரே உபதேசம்: கழிப்பறை கட்டு, செருப்புப் போடு.

செருப்புப் போடு! தோழர்களே, இந்த இடத்தில்தான் புழுவை விட்டுவிட்டு நான் சாதியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-ல் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, சட்டை போடாதே என்று போகிற அந்தப் பட்டியலில் குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே என்பதும் உண்டு. அதே மாவட்டத்தில்தான் மண்டபம் முகாம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போன நம் சனங்களை அங்கே நிறுத்திவைத்து, 1920-களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். ரத்தம் குறைந்த கூலி கொழுந்து கிள்ள மாட்டான் என்பது துரைக்குத் தெரியும். புழுவை வெளியேற்று என்றது முகாம், செருப்பைக் கழற்று என்றது ஊர். இரண்டுக்கும் நடுவில் நின்றவை நம் கால்கள்.

இது ராமநாதபுரத்துக் கதை மட்டுமல்ல. என் ஆயா செங்கல்பட்டுப் பக்கம். "செருப்ப கையில தூக்கிக்கினு போவணும்டா. ஊர்த் தெரு தாண்டுனாதான் கால்ல. மழைன்னாலும் அப்டிதான், முள்ளுன்னாலும் அப்டிதான்" என்று சொல்லும். செருப்பு தைத்தவன் கையில் இருந்தது, காலில் இல்லை. குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் தோல் கிடங்குகளில் பதனிட்ட தோல் எந்தெந்த நாட்டுக் கால்களுக்கோ போனது.

குடலில் பல் ஊன்றிய நெக்கேட்டர் புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்கும். துளிதானே என்று தோன்றும். நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லி, மாதம் 90 மில்லி. கஞ்சி குடிக்கிற உடம்பு அதை எங்கிருந்து ஈடுகட்டும்? முகம் வெளுக்கும், மூச்சு இரைக்கும், உட்கார்ந்தால் எழ மனம் வராது. இதற்குப் பண்ணையார் வைத்த பெயர் சோம்பேறித்தனம். அமெரிக்காவின் தென்மாநிலங்களில்கூட இதைச் சோம்பல் கிருமி என்றுதான் கேலி பேசினார்கள். உழைக்கிறவனின் ரத்தசோகை எங்கேயும் குணக்கேடாகத்தான் எழுதப்படுகிறது.

இப்போது மாத்திரை வந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2015-லிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுவரை உள்ள பெண்களுக்கும் உண்டு. நல்லது. ஆனால் சாக்கடையில் இறங்குகிறவனுக்கு வயது நாற்பது. குப்பை அள்ளுகிற அக்காவுக்கு ஐம்பது. பிள்ளையின் குடலைச் சுத்தம் செய்து, அப்பனின் குடலில் புழுவை விட்டுவைத்தால் மண்ணில் முட்டை விழுவது எப்படி நிற்கும்? பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் 2017-ல் ஆய்வு தொடங்கியது. கேள்வி புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் 22-ல் டெல்லி தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசியோடு குடற்புழு நீக்கமும் செய்து விடச் சொன்னது. அந்த உத்தரவை நான் வரவேற்கிறேன். எங்கள் தெரு நாய்க்கும் அது வேண்டும், நாய் எங்களுக்கு எதிரியல்ல. ஆனால் அதே மாதத்தில்தான் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நாட்டில் நாயைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுக்கிற மனுவில் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன. தெருவில் தண்ணீர் நிற்காத வடிகால். ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் கிழியாத பூட்ஸ். வயது பார்க்காமல் ஆண்டுக்கு இருமுறை மாத்திரை. தெரு நாய்களுக்கும் மருந்து. இதில் எதுவும் சலுகை அல்ல. நம் காலிலிருந்து கழற்றப்பட்டதை நாம் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.