நாலு விரற்கடை

பெல்ட் என்றதும் எல்லாரும் பக்கிளைத்தான் பார்ப்பார்கள். என் கண் நுனிக்குத்தான் போகும். கடைசி ஓட்டையைத் தாண்டி, லூப்புக்குள் நுழைந்து வெளியே வருகிற அந்த நாலு விரற்கடைத் தோல். ஊரை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும், எந்தக் கடையில் பெல்ட் தொங்கினாலும் கை அங்கேதான் போய்த் தடவிப் பார்க்கிறது. எல்லாம் இயந்திரம் ஒரே அழுத்தில் வெட்டிப்போட்ட நுனிகள். ஓரத்தில் தடித்த சாயப்பூச்சு. ஒரு மழைக்காலம் கண்டதும் பூச்சு பிளந்து, தோல் என்று நம்பி வாங்கியது தோல்தூளைப் பசைபோட்டு ஒட்டிய பட்டை என்று தெரிந்துவிடும்.

கடலூரில் எனக்கு முதல் பெல்ட் செய்து கொடுத்தவர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டை ஒட்டி ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடை என்று சொல்ல ஒரு சாக்கு, ஒரு மரப்பெட்டி, தோல் சீவுவதற்கு ஒரு வழவழத்த கல். செருப்புத் தைப்பதுதான் அன்றாட வேலை. பெல்ட் கேட்டு யாராவது வந்தால் மட்டும் முகம் மாறும். பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் தோலை எடுத்து மடியில் விரிப்பார்.

“நிமிர்ந்து நில்லு தம்பி. வயித்த உள்ள இழுக்காத. சோறு தின்னப்புறம் எப்படி நிப்பியோ அப்படி நில்லு.”

அளவெடுக்க நாடா கிடையாது. சணல் கயிறு ஒன்றை இடுப்பில் சுற்றி நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்துக்கொள்வார். ஓட்டைகள் ஐந்து. ஒன்றுக்கொன்று ஓர் அங்குல இடைவெளி. கிள்ளிய இடத்தில் விழுவது நடு ஓட்டை. “நடுவுல இருக்கறது இப்ப உனக்கு. உள்பக்கம் ரெண்டு, காய்ச்சல்ல கெடந்து எழுந்தா. வெளிப்பக்கம் ரெண்டு, கல்யாணம் ஆனா.” ஐந்தாவது ஓட்டைக்கு அப்பால் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அந்த இடத்தில் கோடு இழுப்பார். நுனி அங்கே தொடங்கும்.

அதற்குப் பிறகு அவர் பேசமாட்டார். பழைய தினத்தந்தித் தாளில் ஒரு துண்டு கிழித்து நெடுக்காக மடிப்பார். மடித்த தாளில் ஒரே ஒரு வளைவு வெட்டுவார். பிரித்தால் இரண்டு பக்கமும் அணுவளவு பிசகாமல் ஒத்திருக்கும். அதைத் தோலின் மேல் வைத்துக் குத்தூசியின் பின்பக்கத்தால் அழுத்தி வரைவார். எனக்குக் கூரான நுனி வேண்டும் என்று ஆசை, சினிமாவில் போலீஸ்காரர்கள் கட்டியிருந்தது போல. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்பக் கூராக விட்டால் லூப்பில் இடித்து இடித்து மடங்கும், சதுரமாக விட்டால் மூலை இரண்டும் நாய்க்காதாகும் என்றார். கடைசியில் அவர் வெட்டியது இரண்டுக்கும் நடுவே. தோள் இரண்டும் மெல்லச் சரிந்து, முனையில் மட்டும் சிறிதாக உருண்டிருக்கும்.

வெட்டும்போது கத்தி நகராது. வலது கையில் கத்தி கல்லின் மேல் நின்றபடி இருக்கும். இடது கை தோலைத் திருப்பிக்கொண்டே வரும். ஒரே இழுப்பில் வெட்டினால் தோல் இழுபட்டு வளைவு கோணிவிடும் என்பதால், மெல்லிய சுருள்களாகச் சீவிச் சீவித்தான் கோட்டை நெருங்குவார். பிறகு தோலைக் கவிழ்த்து, நுனியின் அடிப்பக்கத்தைப் பாதிக் கனத்துக்குச் சீவுவார். லூப்புக்குள் நுழைகிற இடம் மெலிந்திருந்தால்தான் பெல்ட் இழுத்த இழுப்புக்கு வரும். மேலே பார்த்தால் இந்த வேலை நடந்ததே தெரியாது. அவரிடம் நான் மிகவும் மதித்தது இதைத்தான்.

அப்புறம் ஓரம். விளிம்பின் மேல் கீழ் முனைகளை மழித்துவிட்டு, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவி, ஒரு புளியங்கட்டையால் தேய்ப்பார். முதலில் ஒன்றும் தெரியாது. தேய்க்கத் தேய்க்கச் சூடேறி, நார்கள் ஒன்றோடொன்று படிந்து, விளிம்பு கருத்து இறுகும். மெழுகைத் தொட்டு மறுபடி தேய்ப்பார். முடியும்போது புளியங்கொட்டையின் பளபளப்பு வந்திருக்கும். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பார்ப்பார். எங்காவது சொரசொரத்தால் மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கட்டை.

எல்லாத் தோலிலும் இது நடக்காது. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதப்பட்டு, கடுக்காய் நீரில் முடித்த தோலில்தான் விளிம்பு இப்படி மினுங்கும். பட்டையின் துவர்ப்பு நாரோடு சேர்ந்து தோலை அடர்த்தியாக்கிவிடுகிறது. சென்னை மாகாணத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போன ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இந்த வழியில் பதனிட்டதுதான். பின்னால் குரோம் உப்பு வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே செருப்பும் ஷூவும் செய்யும் ஊர்களானதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தத் தோல் பட்டறைகளின் கழிவால் பாலாறு கொடுத்த விலையை 1996ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பாக எழுதியது. குரோம் தோல் மிருதுவானது, தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் அதன் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பிசிறுதான் எழும். கடையில் தொங்கும் பெல்ட்டுகளின் விளிம்பில் சாயப்பூச்சு தடித்திருப்பது அந்தப் பிசிறை மூடத்தான்.

சிதம்பரத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது அந்த பெல்ட்தான் இடுப்பில். அப்போது மீட்டர் கேஜ் ரயில். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நின்று நின்று போகும். இடது பக்க ஜன்னலில் கடற்காற்று. அந்த உப்புக்காற்றில் இரும்புப் பக்கிள் துருப்பிடிக்கும் என்று எனக்குப் பித்தளை போட்டுக் கொடுத்திருந்தார். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடுதி ஆணியில் தொங்கவிட்ட பெல்ட் பச்சைப்பூஞ்சை பூத்துவிடும். துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒரு பொட்டு விளக்கெண்ணெய். இதையும் அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

இசைத்துறையில் மிருதங்கம் படித்த நண்பன் ஒருவன் மூட்டு, அதாவது வாத்தியத்தின் தோல்முகம், மாற்றவும் வார் பிடிக்கவும் போகும்போது கூடப் போவேன். எருமைத்தோல் வாரை நனைத்து, அதன் நுனியைக் கத்தியால் நீளக் கூராகச் சீவிக்கொண்டிருந்தவரை அங்கேதான் பார்த்தேன். மூட்டைச் சுற்றிய பின்னலின் கண்களில் வார் நுழைந்து நுழைந்து வர, நுனி அப்படி இருந்தாக வேண்டும். வாத்தியத்தை இரண்டு காலுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒவ்வொரு இழையாக இழுத்தார். கடலூரில் பார்த்த அதே கை. கத்தி நிற்கும், தோல் திரும்பும். ஒரே ஒரு வித்தியாசம். பெல்ட்டின் நுனி ஊர் பார்க்க முன்னால் நிற்கும். மிருதங்க வாரின் நுனி வேலை முடிந்ததும் மற்ற வார்களுக்கு அடியில் செருகப்பட்டு மறைந்துபோகும்.

சிதம்பரத்தில் வார் என்று சொல்லிவிட்டு நந்தனாரை நினைக்காமல் எப்படி இருப்பது? கொள்ளிடக்கரை ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோலும், இழுத்துக் கட்டும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்ததுதான் அவர் செய்த தொண்டு என்று சேக்கிழார் எழுதுகிறார். அவர் பதனிட்ட தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவர் வெளியே நின்றார். தில்லைக்குள் நுழைய அவர் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்கிறது புராணம். பல நூற்றாண்டுகள் கழித்து, 1916ல், சுவாமி சகஜானந்தர் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தந்தார். தோலைத் தொட்ட கைகளுக்கு இந்த மண் கொடுத்த கூலியை நினைத்தால், என் ஏக்கத்துக்கு நடுவிலும் நெஞ்சு கனக்கிறது. புங்கமரத்தடிக்காரரின் பிள்ளைகள் அந்தக் கல்லின்முன் உட்காராமல் வேறு வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை, போகத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம், அந்த வித்தைக்கு ஒரு நல்ல பெயரும் நல்ல சம்பளமும் கொடுத்து, விரும்புகிறவன் யாரும் வந்து கற்றுக்கொள்ளும்படி நாம் வைக்கவில்லையே என்பதுதான்.

லாரன்ஸ் ரோட்டில் இப்போது அந்தப் புங்கமரம் இல்லை, அவரும் இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது சிதம்பரம் கீழ வீதிப் பக்கம், பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நின்றேன். அவருடைய பெட்டியிலும் ஒரு கல், தேய்ந்த ஒரு கட்டை. பெல்ட் செய்வீர்களா என்று கேட்டேன்.

“செய்வேன். யாரு கேக்கறாங்க? தோலுக்கு மெட்ராஸ் போவணும், பெரியமேட்டுக்கு. ஒரு பெல்ட்டுக்காவ அவ்வளவு தூரம் போக முடியுமா?”

“தோல நான் வாங்கியாரட்டுங்களா, ஐயா?”

ஜிப்பை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து என் இடுப்பில் சுற்றி, நகத்தால் கிள்ளி, முடிச்சுப்போட்டு என் கையிலேயே கொடுத்தார்.

“இதுக்கு மேல ஒரு முழம் கூட வச்சு வாங்கு. முதுகுத் தோலாக் கேளு. வயித்துத் தோலத் தள்ளிவிடப் பாப்பாங்க, அது நாளாவ நாளாவ இழுத்துக்கும். மடிச்சுப் பாரு, மேல சுருக்கம் விழுந்தா வாங்காத. பட்டைத் தோல்தான், ஞாபகம் வச்சுக்க. நுனிய நான் பாத்துக்கறேன்.”