இடையன் காலுக்கு ஒரு செருப்பு

அடுத்த மாதம் நாங்கள் மேடையேற்றும் சங்க கால நாடகத்தில் ஓர் இடையன் வருகிறான். கோல், கம்பளி எல்லாம் கிடைத்துவிட்டன. காலுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. மாசி வீதிகளில் இரண்டு நாள் அலைந்தேன். எங்கு பார்த்தாலும் ரெக்சினும் ரப்பரும். சாமியாடிகள் போடும் ஆணிச் செருப்பு இருக்கிறது, ஆனால் அது கருப்பசாமிக்கு உரியது.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இடையனின் காலையே உற்றுப் பார்த்திருக்கிறார். செருப்பு உராய்ந்து விழுந்த தழும்பைச் சொல்கிறார். 'தொடுதோல்' என்பது அவர் சொல். தழும்பு விழும் அளவுக்கு வார் எத்தனை முரடாக இருந்திருக்க வேண்டும்! கீழடியில் பானை ஓடுகள் கிடைத்தன, பாசிமணிகள் கிடைத்தன. தோல் மண்ணில் மக்கிப்போகும். எனக்கு அந்தப் பாட்டுதான் சாட்சி.

கடைசியில் திருப்பரங்குன்றம் பக்கம் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவரைப் பிடித்தேன். "குரோம் தோல் வேணாம் தம்பி, மேடையில பளபளக்கும். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்துன மாட்டுத்தோல்தான் கால் பட்டுப் பட்டுக் கறுக்கும்" என்றார். காகிதத்தில் நடிகரின் பாதத்தை வரைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா ஊருக்கே செருப்புத் தச்சுக் குடுத்தாரு. ஊர்த்தெருவுல நடக்கையில அவரு செருப்பு மட்டும் அவரு கையில இருக்கும்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நான் விலை பேசவில்லை. அவர் சொல்வதுதான் விலை.