ஜெருசலேம்: இடுப்போரம் ஆடும் குஞ்சங்கள் சொல்லும் கதை!

ஜெருசலேம் பழைய நகரின் மதிலுக்கு வெளியே, 1874-ல் உருவான குடியிருப்பு மெயா ஷெயாரிம். மரபு வழுவாத யூதர்கள் வாழும் பகுதி. அடக்கமான உடையில் வரச் சொல்லும் அறிவிப்புகளைத் தாண்டி உள்ளே நுழைந்தால், கறுப்புத் தொப்பிகளும் கறுப்புக் கோட்டுகளும்தான் முதலில் கண்ணில் படும். அடுத்து, ஆண்களின் இடுப்போரம் ஆடும் வெள்ளை நூல் குஞ்சங்கள். விளையாடும் சிறுவர்களின் சட்டைக்குக் கீழும் அவை எட்டிப் பார்க்கும்.

இதன் பெயர் ட்சிட்சித். நான்கு மூலைகள் கொண்ட ஆடை அணிந்தால், ஒவ்வொரு மூலையிலும் குஞ்சம் கட்ட வேண்டும் என்பது தோராவின் கட்டளை. பைபிளில் எண்ணாகமம் 15-ம் அதிகாரத்தில் இது வருகிறது. மறக்காமலிருக்க முந்தானையில் முடிச்சுப் போடுவதுபோல, பார்த்ததும் இறைக்கட்டளைகள் நினைவுக்கு வரவேண்டும் என்பதே நோக்கம்.

இன்றைய சட்டைக்கு நான்கு மூலைகள் கிடையாது. எனவே, குஞ்சம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும், அந்தக் கடமையைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே, தலைவழியாகப் போடும் நான்கு மூலைத் துணி ஒன்றைத் தேடி அணிகிறார்கள். மரபுப்படி இது ஆண்களின் கடமை. சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்கள் சிலரும் அணிவதுண்டு.

முடிச்சுக்குள் ஒரு கணக்கு

ஒரு மூலைக்கு 4 நூல்கள். துளையில் நுழைத்து மடித்தால் 8. அதில் 5 இரட்டை முடிச்சுகள். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. 'ட்சிட்சித்' என்ற சொல்லின் மதிப்பு 600. எல்லாவற்றையும் கூட்டினால் 613. தோராவின் கட்டளைகளும் 613 என்பது மரபு!

காணாமல்போன நீலம்

காலையில் மேற்குச் சுவருக்குப் போனால், பெரிய சால்வையைத் தலையோடு போர்த்திப் பிரார்த்திப்பவர்களைப் பார்க்கலாம். நான்கு குஞ்சங்களையும் ஒன்றாகப் பிடித்து முத்தமிடுவார்கள். சிலரது குஞ்சத்தில் மட்டும் ஒரு நீல நூல் தெரியும்.

கட்டளையில் அந்த நீலமும் உண்டு. கடல் உயிரியிலிருந்து எடுக்க வேண்டிய அந்தச் சாயத்தின் செய்முறை, சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்துபோனது. விலை மலிவான அவுரி நீலத்தைப் போட்டு ஏமாற்றக் கூடாது என்று தால்முத் நூல் எச்சரித்திருந்ததால், வெள்ளை நூலோடு நிறுத்திக்கொண்டார்கள். 1980-களில் இஸ்ரேல் வேதியியலாளர் ஓட்டோ எல்ஸ்னர், ம்யூரெக்ஸ் என்ற கடல் நத்தையின் ஊதாச் சாயம் வெயில் பட்டால் நீலமாகிவிடுவதைக் கண்டறிந்தார். வேதியியல்படி அது அவுரி நீலமேதான்! ஆனால், இதுதான் அந்தப் பழைய நீலம் என்று எல்லா ரப்பிகளும் ஏற்கவில்லை. அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு விதக் குஞ்சங்கள்.

கல்லறைகளுக்கு நடுவே

பழைய நகருக்குக் கிழக்கே ஒலிவ மலை. சரிவு முழுக்க வெளிர்நிறக் கல்லறைகள். இங்கே நுழையும்போது குஞ்சங்களை ஆடைக்குள் செருகிக்கொள்பவர்களைக் காணலாம்.

காரணம், தால்முத்தில் உள்ள ஒரு சம்பவம். ரப்பி ஹியாவும் ரப்பி யோனத்தானும் இடுகாட்டில் நடந்துபோகிறார்கள். யோனத்தானின் நீலக் குஞ்சம் தரையில் புரள்கிறது. அதைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறார் ஹியா. நாளை நம்மிடம் வரப்போகிறவர்கள் இன்று நம்மைக் கேலி செய்கிறார்களே என்று இறந்தவர்கள் நினைத்துவிடக் கூடாதாம். கட்டளைகளை நிறைவேற்றும் வாய்ப்பு அவர்களுக்கு இனி இல்லையே!

யூதர்கள் வாழும் பல ஊர்களில், ஓர் ஆணை அவர் பிரார்த்தனைக்குப் போர்த்திய சால்வையிலேயே சுற்றி அடக்கம் செய்வது வழக்கம். அதற்கு முன், ஒரு மூலைக் குஞ்சத்தை வெட்டிவிடுவார்கள். அவருடைய கடமை முடிந்தது என்று அர்த்தம்.

இடுகாட்டை விட்டு வெளியேறியதும், செருகிய குஞ்சங்களை மறுபடி எடுத்து வெளியே விட்டுக்கொண்டு நடக்கிறார்கள், இருப்பவர்கள்.