நடைவண்டி

ஓய்வு என்னும் சொல்லுக்கு உலகத்தார் பல பொருள் கொள்வர். உழைத்துக் களைத்தவன் மரநிழலில் சாய்வதும் ஓய்வே. அலுவலிலிருந்து விடுபட்டு வீட்டில் இருப்பதும் ஓய்வே. 34 ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதிய நான், 58 வயது நிறைந்து 2019-ஆம் ஆண்டில் பணியிலிருந்து விடுபட்டேன். முதல் மாதம் இனிதே கழிந்தது. அடுத்த மாதம் பொழுது நகரவில்லை. கடிகாரத்துக்கு அஞ்சியே வாழ்ந்தவனுக்கு, அவ்வச்சம் நீங்கிய பின் என்ன செய்வது என்று விளங்கவில்லை.

ஒருநாள் பரணைத் துப்புரவு செய்தபோது, நான் குழந்தையாய் இருந்த காலத்து நடைவண்டி அகப்பட்டது. கரையான் அரித்தது போக அதன் கைப்பிடியும் ஒரு சக்கரமுமே எஞ்சியிருந்தன. அப்பொழுது என் மகளின் மகன் சுவரைப் பற்றி நிற்கத் தொடங்கியிருந்தான். அவனுக்கு என் கையாலேயே ஒரு நடைவண்டி செய்து தர வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. கடைவீதிக்குச் சென்று வாள், உளி, இழைப்புளி, கொட்டாப்புளி ஆகியவற்றை வாங்கி வந்தேன்.

தோட்டத்து வேப்பமரத்தில் அவ்வாரந்தான் ஒரு கிளையை வெட்டியிருந்தோம். அதுவே போதும் என்று துணிந்தேன். கிளை உருண்டையாகத்தானே இருக்கிறது, குறுக்கே அறுத்தால் சக்கரம் ஆயிற்று என்பது என் எண்ணம். மூன்றே நாளில் வண்டி முடிந்தது. அலுவலகத்தில் கோப்புகளை விரைந்து முடித்துப் பாராட்டுப் பெற்ற பெருமிதம் மீண்டும் என் உள்ளத்தில் எழுந்தது.

மூன்று வாரத்தில் சக்கரம் ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெடிப்புக் கண்டது. மகள் குழந்தையுடன் வரும் நாளோ நெருங்கிவிட்டது. மரத்தூளைப் பசையில் குழைத்து வெடிப்புகளை அடைத்தேன். மேலே சிவப்பு வண்ணமும் பூசினேன். பார்த்தவர் அனைவரும் புகழ்ந்தனர். குழந்தை கைப்பிடியைப் பற்றி நான்கு அடி வைத்தான். ஐந்தாம் அடியில் முன்சக்கரம் பிளந்தது. வண்டி சாய்ந்தது, அவன் உதடு கிழிந்து குருதி வழிந்தது. காயம் சில நாளில் ஆறிவிட்டது. ஆயினும் வெடிப்பை மறைத்த என் கைகளைப் பார்க்க எனக்கே நாணமாக இருந்தது.

பழைய சக்கரத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்த் தச்சரிடம் சென்றேன். அதனைச் செய்தவருடைய மகன் அவர், எழுபதைக் கடந்தவர். நான் நடந்ததை மறைக்காமல் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சக்கரத்தை என் கையில் கொடுத்து, "இதன் ரேகையைப் பாருங்கள், ஐயா" என்றார். அப்பொழுதுதான் கண்டேன். அது குறுக்கே அறுத்த வட்டம் அன்று. இரு பலகைகளை ஒன்றன் ரேகை நெடுக்காகவும் மற்றதன் ரேகை குறுக்காகவும் அமையச் சேர்த்து, மரஆணி அடித்து வட்டமாக்கியது. பாடம் என் வீட்டுப் பரணிலேயே இருந்திருக்கிறது; அதைப் படிக்கும் பொறுமைதான் எனக்கு இல்லை.

"பச்சை மரத்தில் நீர் இருக்கிறது. நீர் வெளியேறினால் மரம் சுருங்கும். நெடுக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கில்தான் சுருங்கும். அதிலும் நடுவை நோக்கிச் சுருங்குவதைவிட வட்டத்தைச் சுற்றிச் சுருங்குவது மிகுதி. அதனால்தான் வட்டத் துண்டு வெடிக்கிறது" என்று அவர் விளக்கினார்.

அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துள்ளார். தென்னையும் பனையும் மூங்கிலும் புல் வகையே. இதனைப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஒரு மரத்தைத் தொட்டு, அதன் வயிரம் எது, வெளிறு எது என்று அறிந்ததில்லை. அத்தச்சரின் பட்டறையிலேதான் அவ்வேறுபாட்டைக் கையால் உணர்ந்தேன்.

அவர் கூறியபடி, அறுத்த பலகைகளை நிழலில் அடுக்கினேன். காற்றுப் புகும்படி இடையிடையே சிறு கட்டைகளை வைத்தேன். வெட்டுமுனை வழியே நீர் விரைந்து வெளியேறும். ஆதலால் முனைகளில் சாணம் பூசினேன். ஆறு மாதம் அவை ஆறின. அதுவரை நான் வாளாவிருக்கவில்லை. கழிவுக் கட்டைகளில் கழுந்தும் துளையும் செதுக்கிப் பழகினேன். உளியைக் கல்லில் தீட்டவே பல நாள் பிடித்தது. ரேகையின் போக்கில் இழைப்புளியை ஓட்டினால் சீவல் சுருள் சுருளாக எழும். எதிர்ப்போக்கில் ஓட்டினால் மரம் பிய்ந்துபோகும். காலை வெயில் திண்ணைக்கு வரும்போது தொடங்கி, வெயில் நகரும்போது நிறுத்துவேன். அன்று ஒரு துளை முடிந்தாலும் நிறைவே, முடியாவிட்டாலும் வருத்தமில்லை. அந்நாள்களின் இனிமையை அலுவலகத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

வண்டி முடிந்தது. அச்சில் விளக்கெண்ணெய் தடவினேன். வண்ணம் பூசவில்லை, மரத்தின் ரேகை யாவர்க்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் என் பேரன் நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டான்! மரம் ஆறும்வரை குழந்தையின் கால்கள் காத்திருக்குமா? அவன் அதில் கயிறு கட்டி, தன் பொம்மைகளை ஏற்றித் தெருவெங்கும் இழுத்துச் சென்றான். எனக்குச் சிறிது ஏமாற்றந்தான். எனினும் அடுத்த வீட்டுப் பெண்குழந்தை அவ்வண்டியைப் பற்றியே நடை பயின்றாள். அவளுக்குப் பின் என் பேத்தியும் பயின்றாள். இன்றும் அதன் சக்கரங்களில் வெடிப்பு இல்லை.

மாணவர்களே! நிதானம் என்பது சோம்பல் அன்று. சோம்பல் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடும். நிதானம் ஒவ்வொரு செயலுக்கும் உரிய காலத்தை அதற்குக் கொடுக்கும். காலம் தவறினால் பயன் பெறுவோர் மாறலாம். செம்மை தவறினாலோ பயனே இல்லாது போகும். நீங்கள் செய்யும் பொருளில் வெடிப்புக் கண்டால், அதனை வண்ணத்தால் மறைக்காதீர்கள். அதன்மேல் சாய்ந்து நடக்கப்போகிறவன் ஒரு சிறு குழந்தையாக இருக்கலாம்.