ஓசூரில் உதறும் ஜீப்புக்கு வைத்தியம்

பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடி வந்தால் தமிழ்நாடு, அடுத்தது ஓசூர். 1980 வாக்கில் டிவிஎஸ் 50-யும் அசோக் லேலண்ட் வண்டிகளும் உருவாகத் தொடங்கிய ஊர். ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பஞ்சமில்லை. தளி, அஞ்செட்டி மலைப்பாதைகளில் ஓடித் தேய்ந்த பழைய டீசல் ஜீப்புகளும் வைத்தியத்துக்கு வருவது இங்கேதான்.

“ஓடும்போது நல்லா இருக்குண்ணே... நின்னா வண்டியே உதறுது!” என்பது வழக்கமான புகார். உடனே யாராவது ‘இன்ஜினைப் பிரிக்கணும்’ என்றால், பொறுங்கள். அது பெரிய செலவு.

கைதேர்ந்த மெக்கானிக் சின்னச் செலவிலிருந்துதான் தொடங்குவார். முதலில் ஐடில் வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அது சரியாக இருந்தால், அடுத்து இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர். சூட்டிலும் ஆயில் கசிவிலும் அது கெட்டுப்போனால், அதிர்வு நேராக பாடிக்கு ஏறும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் உதறல் அடங்கினால், இதன்மேல் சந்தேகம் வலுக்கும். கிளட்ச்சை மிதிக்கும்போது உதறல் மாறினால், கிளட்ச் பக்கம் பார்ப்பார்.

கடைசியாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை நிறுத்திப் பார்ப்பார். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் தடுமாறும். எதை நிறுத்தியும் சத்தம் மாறவில்லையோ, கோளாறு அங்கே. பழைய பம்ப் வண்டிக்கு மட்டுமே இந்த முறை. காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் மிக அதிகம். பைப்பைத் தளர்த்துவது ஆபத்து.

தேன்கனிக்கோட்டை தாண்டினால் அஞ்செட்டிவரை காட்டுவழி. கிளம்பும் முன் ஓசூரிலேயே ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கவனியுங்கள். உதறினால், அங்கேயே காட்டிவிட்டு மலையேறுங்கள்!