எந்தப் பத்தியில் எழுதுவது?

வீட்டில் பால் கணக்கு எழுதும் சகோதரிகளே, என் சங்கடம் உங்களுக்குத்தான் புரியும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தில் ஒரு சிறிய சார்ட்டர் பள்ளியில் கணக்கு எழுதுகிறேன். சர்க்கார் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் இலவசப் பள்ளி. 1991-ல் இதற்கு முதலில் சட்டம் செய்த மாகாணமே இதுதான். ஊனமுற்ற குழந்தை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பேச்சுப் பயிற்சி, உதவியாள் எல்லாம் இலவசமாகத் தர வேண்டும். 1975-ல் சட்டம் போட்ட வாஷிங்டன் சர்க்கார், மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவிகிதம் வரை தருவதாகச் சொன்னது. ஒரு வருஷமாவது தந்ததா? கிடையாது!

எங்கள் உதவியாள் காலையில் பேச்சு வராத ஒரு பையனுடன் இருப்பாள். மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறுவாள். காலை நேரச் சம்பளம் மட்டுமே விசேஷக் கல்விப் பத்தியில் ஏறலாம். அதற்கும் கையெழுத்திட்ட நேரச் சீட்டு வேண்டும். போன வருஷம் இரண்டு மாதச் சீட்டுகளை வாங்க மறந்துவிட்டேன். மானியம் வெட்டு! சங்கீத வகுப்புப் பணத்தை எடுத்து ஈடு கட்டினோம்; வகுப்பு நின்றது.

"என் பிள்ளையாலா?" என்று கேட்டாள் பையனின் தாயார்.

"இல்லையம்மா, என் மறதியால்" என்றேன். நம்பினாளோ என்னவோ!

இப்போது வெள்ளிக்கிழமை சீட்டு கைக்கு வராமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.